கைபேசிக் கிரிக்கெட்டு: அதன் குணமும் குற்றமும்

விளையாட்டு என்பது பொழுதைப் போக்குதற்கு மட்டும் அமைந்ததன்று. ஒரு மக்கட் கூட்டத்தின் இயல்பை அளந்து காட்டும் கருவியாகவும் அஃது அமைகின்றது. ஒரு நாட்டார் எவ்விளையாட்டை விரும்பினர் என்பதினும், அவ்விளையாட்டில் எதனை வெற்றியென மதித்தனர், எதனைப் பழியென வெறுத்தனர் என்பதே அவர்தம் உள்ளத்தை நமக்கு உணர்த்தும். இக்காலத்து இளைஞர் கையினின்றும் நீங்காத கைபேசி ஆட்டங்களும் இவ்வாறே ஆராயத் தக்கன. ஆயினும் அவற்றைக் குறித்து நம்மிடையே நிகழும் பேச்சு இரண்டே வகையாக முடிகின்றது. பெரியோருள் ஒரு சாரார் ‘காலக் கொலை’ என்னும் ஒரு சொல்லால் அவை அனைத்தையும் கடிந்து ஒதுக்குவர். இளைஞருள் ஒரு சாரார் அவற்றுள் யாதொரு குறையுங் காணாது நாளெல்லாம் அவற்றோடு வாழ்வர். எடுத்து நிறுத்துப் பார்த்து, ‘இவ்வளவு குணம், இவ்வளவு குற்றம்’ என்று கூறுவார் இரு கட்சியினும் அரியர். அப்பணியை, நம் தமிழ்நாட்டிலேயே தோன்றிய ஓர் ஆட்டத்தை முன்வைத்துச் சிறிய அளவிற் செய்து பார்த்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மட்டையும் பந்துங் கொண்டு ஆடும் ஆட்டத்தைப் பொறிக்குள் அடக்கும் முயற்சி இன்று நேற்றுத் தோன்றியதன்று. அமெரிக்கர்க்கு நாட்டாட்டமாக விளங்குவது பேஸ்பால். அதனைக் கணிப்பொறியில் ஆடுமாறு அமைத்த முன்னோடிகளுள் ஒருவர் டான் டாக்லோ என்பார். அவர் 1971-ஆம் ஆண்டில் கலிபோர்னியாவிலுள்ள பொமோனா கல்லூரியில் மாணவராயிருந்தார். அவர் பயின்றது பொறிநூலன்று. நாடகம் எழுதுங் கலையே. படமும் ஒலியும் இன்றி, எழுத்தினாலேயே ஆட்டத்தின் போக்கைக் கூறிச் சென்றது அவர் அமைத்த அவ்வாட்டம். ‘இலக்கிய மாணவர்க்கு இயந்திர விளையாட்டில் என்ன வேலை?’ என்று வினவுவார்க்கு அவர் வாழ்க்கையே விடையாகும். ஆட்டமும் ஒருவகைக் கதையே அன்றோ? கதையின் நடையையும் கட்டுக்கோப்பையும் ஆராயும் உரிமை நம்மனோர்க்கும் உண்டு.

பேஸ்பால் அமெரிக்கர்க்கு எத்தகையதோ, கிரிக்கெட்டு நமக்கு அத்தகையது. அக்கிரிக்கெட்டைக் கைபேசியில் அமைத்து உலகறியச் செய்தோர் சென்னையிலுள்ள நெக்ஸ்ட்வேவ் மல்டிமீடியா என்னும் நிறுவனத்தார். அவர்கள் படைத்த ‘வேர்ல்டு கிரிக்கெட் சாம்பியன்ஷிப்’ என்னும் ஆட்டத்தின் இரண்டாம் பதிப்பு 2015-ஆம் ஆண்டிலும், மூன்றாம் பதிப்பு 2020-ஆம் ஆண்டிலும் வெளிவந்தன. மெய்யான ஆட்டக்காரரின் உடலசைவுகளைக் கருவிகளாற் பதிந்து, அவ்வசைவுகளையே திரையிலுள்ள உருவங்கட்கு ஊட்டியமையால், மூன்றாம் பதிப்பில் மட்டை வீச்சும் பந்தெறியும் உயிரோட்டமுடையனவாய் விளங்குகின்றன. மேனாட்டார் ஆக்கிய கிரிக்கெட்டு ஆட்டங்களை விலை கொடுத்து வாங்கி, அதற்குத் தக்க பெரும் பொறியும் வைத்திருந்தாலன்றி ஆட இயலாதென்றிருந்த நிலையை, எளிய கைபேசிக்கும் உரியதாக மாற்றியது இவ்வாட்டத்தின் தனிச் சிறப்பு.

இனி, இதன் குணங்களை நிரலே காண்போம்.

முதலாவது, இஃது இடமில்லார்க்கு இடம் தருகின்றது. சேலத்துச் செவ்வாய்ப்பேட்டையை அறிந்தார் இதன் அருமையை எளிதில் உணர்வர். தானிய மண்டியும் வணிகக் கடைகளும் வெள்ளிக் கொலுசுப் பட்டறைகளும் நெருங்கிய அவ்வூர்த் தெருக்களில், மூட்டை ஏற்றிய வண்டிகட்கு இடையே, சிறுவர் ஒரு பந்தை ஒருமுறை அடித்தற்குள் இருமுறை ஓடி ஒதுங்கல் வேண்டும். 2020-இல் வாழப்பாடிக்கருகே நல்லதொரு கிரிக்கெட்டு மைதானம் திறக்கப்பெற்றது. 2023-இல் சின்னப்பம்பட்டியில் மற்றொன்று திறக்கப்பெற்றது. இவை போற்றத்தக்கனவே. ஆயினும் பேட்டைத் தெருவிலுள்ள சிறுவன் மாலைதோறும் ஆங்குச் செல்லுதல் யாங்ஙனம் கூடும்? மேலும், தெருவில் மட்டை பிடித்தற்கு வீட்டார் இசைவு பெறாத தங்கையும், நோயால் ஓடவியலாத தம்பியும் ஒரு கைபேசியின் முன்னே அண்ணனோடு ஒப்ப ஆடுகின்றனர். இவர்கட்கு மைதானத்தின் பெருமையைப் போதிப்பது, பசித்தவனுக்கு விருந்தின் சிறப்பை எடுத்துரைப்பது போலாம்.

இரண்டாவது, இஃது ஆட்டத்தின் அறிவைப் பெருக்குகின்றது. மைதானத்தில் ஆடும் சிறுவன் பெரும்பாலும் தன் கையிலுள்ள மட்டையை மட்டும் அறிவான். கைபேசியில் ஆடுவோனோ படைத்தலைவன்போல முழுக் களத்தையும் நோக்குகின்றான். தடுப்போரை எங்ஙனம் நிறுத்துவது, இடக்கை ஆட்டக்காரர் வந்தால் அவர்களை எவ்வாறு மாற்றுவது, எஞ்சிய பந்தெத்தனை, வேண்டிய ஓட்டமெத்தனை, ஓவரொன்றுக்கு எவ்வளவு எடுத்தாற் கரையேறலாம் என்பனவற்றை நொடிப்பொழுதில் எண்ணிக் கணக்கிடுகின்றான். கணக்கு வகுப்பில் விகிதமென்றால் அஞ்சும் மாணவனும் ஈண்டு அதனை விரும்பிச் செய்கின்றான்.

மூன்றாவது, தமிழ். மூன்றாம் பதிப்பில் ஆங்கிலம், இந்தி முதலிய மொழிகளோடு தமிழிலும் வருணனை கேட்கலாம். இதனைச் சிறிதென்று எண்ணற்க. முன்னாளில் வானொலியில் அப்துல் ஜப்பார் போன்றோர் தமிழிற் கிரிக்கெட்டை வருணித்தபோது, களத்தைக் காணாத நாட்டுப்புறத்தாரும் அதனைத் தம் கண்முன்னே கண்டனர். அவ்வழக்கு ஒரு தலைமுறையின் நினைவாக மட்டும் நின்றுவிடாமல், சிறுவர் கையிலுள்ள கருவியினுள்ளும் புகுந்தது மகிழ்தற்குரியது. ஒரு மொழி பாட நூலில் மட்டும் வாழ்தல் போதாது. விளையாடும் இடத்திலும் அது வாழ்தல் வேண்டும். விளையாட்டில் தானே வந்து வாயிற் பிறக்குஞ் சொல்லே நெடுங்காலம் நிலைக்குஞ் சொல்லாகும்.

நான்காவது, இரண்டாம் பதிப்பில் ஆட்டக்காரரின் பெயர்களை ஆடுவோன் தானே மாற்றி எழுதிக்கொள்ளலாம். பெரும்புகழ் ஆட்டக்காரரின் பெயரைப் பயன்படுத்துதற்கு உரிமை பெறல் வேண்டுமாதலின், இவ்வகை ஆட்டங்களுட் பல கற்பனைப் பெயர்களோடு வெளிவருவது வழக்கம். குறையாகத் தோன்றும் இதுவே ஒரு வகையிற் குணமாயிற்று. இந்திய அணியின் பட்டியலில் தன் ஊரான் பெயரையும், தன் தோழன் பெயரையும், ஏன், தன் பெயரையுமே எழுதிப் பார்க்கும் சிறுவன், ‘அவ்விடம் எனக்கும் எட்டாததன்று’ என்று ஒரு கணமேனும் எண்ணுகின்றான். எளியோர் பிள்ளைக்கு அவ்வெண்ணம் சிறிய செல்வமன்று.

நிற்க. குணங்களை இவ்வளவு விரித்தபின் குற்றங்களை மறைத்தல் நடுவுநிலைமையாகாது.

முதற் குற்றம், பந்தெறிவோனுக்கு இழைக்கப்படும் அநீதி. இவ்வாட்டம் மட்டையாளனுக்காகவே ஆக்கப்பட்டதோ என்று ஐயுறுமாறு, அவனுக்கு வேண்டிய வீச்சுவகைகளெல்லாம் நிரம்ப அமைந்துள்ளன. பந்தெறிவோன் வேலையோ, பந்து விழவேண்டிய இடத்தில் ஒரு குறியை நிறுத்தி, ஓடுகின்ற அளவுகோல் பச்சை நிறத்தை எய்தும்போது விரலால் தொடுவதோடு முடிகின்றது. யார்க்கர் என்னும் பந்தை எண்ணுக. மட்டையாளனின் கால்விரலடியில், மட்டை இறங்குதற்குமுன் சென்று விழவேண்டிய பந்து அது; அரை அடி முந்தினாலும் பிந்தினாலும் எல்லைக்கு வெளியே பறக்கும். கைபேசியில் அதனை ஒரு நாளிற் கற்றுவிடலாம். நம் சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டியில், நெசவுத் தொழிலாளியின் குடும்பத்திற் பிறந்த நடராஜன் அதனைக் கற்றற்கு எத்தனை ஆண்டு ஆயின! டென்னிஸ் பந்தால் ஊர்ப் பொட்டல்களில் எறிந்தெறிந்து பழகிய கையன்றோ, 2020-இல் இந்திய அணியோடு வலைப்பயிற்சியிற் பந்தெறியும் துணைவராக ஆஸ்திரேலியா சென்று, அச்சுற்றுலா முடிவதற்குள் மூவகை ஆட்டத்திலும் இந்தியாவுக்காக அடியெடுத்து வைத்தது? ஒரே சுற்றுலாவில் அவ்வாறு மூன்றிலும் முதன்முதல் ஆடிய இந்தியர் அவரேயாவர். சேலத்து மண் கிரிக்கெட்டுக்கு அளித்த பெருங்கொடை ஒரு பந்தெறிவோன். சென்னையில் ஆக்கிய ஆட்டத்திலோ அப்பந்தெறிவோன் கலை ஒரு விரற்றொடுகையாகச் சுருங்கிற்று.

‘விளையாட்டுப் பொறியில் வியர்வையையும் உழைப்பையும் எவ்வாறு காட்டுவது?’ என்று இதற்கு விடை கூறுவார் உளர். முழுதுங் காட்டல் இயலாதென்பது உண்மையே. ஆயினும், அரிய பந்தை அரியதாகவே வைத்தல் இயலும். பச்சை நிறப் பகுதியைச் சுருக்கலாம். தவறிய யார்க்கர் பேரிழப்பாக முடியுமாறு செய்யலாம். இளம் பந்தெறிவோன் ஒருவன் பல பருவங்கள் ஆடிய பின்னரே அப்பந்தைக் கைவரப் பெறுமாறு அமைக்கலாம். மட்டை வீச்சின் நுட்பத்திற்கு இத்துணை உழைத்த கலைஞர் பந்தெறியின் நுட்பத்திற்கும் உழைப்பின், அவரால் ஆகாததொன்றில்லை.

இரண்டாம் குற்றம் இன்னும் ஆழமானது. இவ்வாட்டத்திலும் இதன் இனத்தைச் சார்ந்த பிறவற்றிலும், தோற்கப்போகும் ஆட்டத்தை இடையே கைவிட்டு, ஒன்றும் நிகழாததுபோலப் புதிதாய்த் தொடங்குதல் கூடும். தோல்வி அழிந்துபோகின்றது. ஆட்டக்காரன் ஒருவன் உள்நாட்டுப் பந்தயத்தில் தொடங்கிப் படிப்படியாக உயர்ந்து நாட்டின் அணியை எய்துமாறு ஒரு பகுதி மூன்றாம் பதிப்பில் அமைந்துள்ளது. மிக நல்ல அமைப்பு. ஆனால் மெய்வாழ்வில் அப்படிகளில் ஏறியோர் கதை வேறு. நடராஜன் 2015-இல் ரஞ்சிக் கோப்பையில் முதன்முதல் ஆடிய காலத்திலேயே, அவர் பந்தெறியும் முறை விதிக்கு மாறானதோ என்ற ஐயம் எழுப்பப்பட்டது. அவர்க்கு ‘மீண்டும் தொடங்குக’ என்னும் பொத்தான் எதுவும் இருந்ததில்லை. கையின் பழக்கத்தையே மாற்றிக்கொண்டு, 2016-இல் தமிழ்நாடு பிரீமியர் லீக்கில் திண்டுக்கல் அணிக்காக ஆடித் தம் திறத்தை நிறுவினார், 2017-இல் ஐ.பி.எல். ஏலத்தில் பஞ்சாப் அணியார் மூன்று கோடி ரூபாய்க்கு அவரை எடுத்தனர். பிழை திருந்துதல் வேறு. பிழை அழிதல் வேறு. திருந்தியவன் தன் பழைய பிழையைச் சுமந்துகொண்டே அதனினும் பெரியவனாகின்றான். அழித்தவனோ ஒன்றுங் கற்றிலன். மனந்திரும்புதலின் பொருளைச் சிறுவயது முதலே கேட்டு வளரும் நம்மனோர்க்கு இவ்வேறுபாட்டை மிக விளக்க வேண்டுவதில்லை.

மூன்றாம் குற்றமே தலையாய குற்றம். அது காசு. விலையின்றிக் கிடைக்கும் கைபேசி ஆட்டங்கள் பெரும்பாலும் விளம்பரத்தாலும், ஆட்டத்தினுள்ளே விற்கும் போலிக் காசுகளாலும் வாழ்கின்றன. ஆடியும் அக்காசுகளை ஈட்டலாம். மெய்ப்பணம் கொடுத்தும் வாங்கலாம். அதனைக் கொண்டு பந்தயங்களைத் திறத்தலும், உடையும் மட்டையும் பெறுதலும், சிலவற்றில் ஆட்டக்காரரின் ஆற்றலையே உயர்த்துதலும் ஆகும். ஆக்கியோர்க்கு ஊதியம் வேண்டும் என்பதை நாம் மறுக்கவில்லை. உழைத்தவர் கூலிக்குரியர். ஆனால் கூலி பெறும் வழி ஆட்டத்தின் நேர்மையைக் கெடுத்தல் தகாது. உடையை விற்கலாம், திறத்தை விற்கலாமோ? விளம்பரங் காட்டலாம், வெற்றிக்கு விலை குறிக்கலாமோ?

செவ்வாய்ப்பேட்டை தராசின் ஊர். வெள்ளியையும் தானியத்தையும் நிறுத்தே வாழும் அவ்வூரில், தட்டிரண்டும் வெறுமையாயிருக்கும்போது முள் நடுவே நிற்கின்றதா என்பதைப் பார்த்த பின்னரே வாங்குவோன் சரக்கை நோக்குவான். முள் சாய்ந்திருப்பின், எத்துணை உயர்ந்த வெள்ளியாயினும் அவ்விடத்து வாணிகம் செய்யான். விளையாட்டின் நிலையும் அதுவே. இரு பக்கத்தாரும் ஒரே அளவில் தொடங்குதலே அதன் முள். ஒருவன் தன் தந்தையின் பணத்தால் ஆற்றலை வாங்கி, மற்றொருவனை வென்றானாயின், அங்கே நிகழ்ந்தது விளையாட்டன்று. கள்ளத் தராசின் வாணிகமே. அதனினும் கொடியது, அத்தகைய வெற்றியை இயல்பென்று சிறுவர் உள்ளம் பழகிவிடுதல். பள்ளியில் இடம், தொழிலில் இடம், ஆட்சியில் இடம் ஆகிய யாவும் விலைக்குரியன என்று பின்னாளில் அவர்கள் கருதுவாராயின், அதன் முதற் பாடத்தை அவர்கள் எங்கே கற்றனர் என்று நாம் வினவல் வேண்டும்.

ஈண்டு ஒரு தெளிவு வேண்டற்பாலது. பெரியோர் பலர் இவ்வாட்டத்தையும், பணங்கட்டி ஆடும் இணையச் சூதையும் ஒன்றென மயங்குகின்றனர். பணச்சூதால் தமிழ்நாட்டுக் குடும்பங்கள் பட்ட துன்பத்தை நாம் அறிவோம். அதனைத் தடுத்தற்குத் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் 2022-இல் ஒரு சட்டம் செய்தது. 2025-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் இந்தியப் பாராளுமன்றமும் இணையப் பணவிளையாட்டைத் தடைசெய்யும் சட்டத்தை நிறைவேற்றிற்று. ஆயினும் அப்பாராளுமன்றச் சட்டமே பணவிளையாட்டு வேறு, திறத்தாற் போட்டியிடும் மின்விளையாட்டு வேறு, பொழுதுபோக்கு விளையாட்டு வேறு என்று பிரித்து வகுத்துள்ளது. கைபேசிக் கிரிக்கெட்டில் பந்தயப் பணம் வைப்பதில்லை. வென்றவன் பணம் பெறுவதுமில்லை. ஆகவே சூதென்று அதனைக் கடிதல் பொருந்தாது. அவ்வாறு தவறாகக் கடிந்தால், மெய்யான குற்றத்தைச் சுட்டும்போதும் இளைஞர் செவிசாயார். ‘இவர் ஒன்றும் அறியாதவர்’ என்று நகைத்து அகல்வர். குற்றங் கூறுவோன் முதலிற் பொருளை அறிந்தவனாதல் வேண்டும்.

இனிச் செய்யத் தக்கன யாவை? மூன்று கூறுவேன்.

ஆக்குவோர்க்கு ஒன்று. ஆட்டத்திற்கு ஒரே விலை குறித்து விற்பாராக. அன்றேல் அழகுப் பொருள்களை மட்டும் விற்பாராக. நேர்மையான ஓராட்டத்திற்கு ஒரு வேளைச் சிற்றுண்டியின் விலையைக் கொடுத்தற்கு இந்நாட்டு மாணவர் பின்வாங்கார். பந்தெறியுங் கலைக்கும் மட்டைக்கு அளித்த மதிப்பை அளிப்பாராக.

கல்லூரியார்க்கு ஒன்று. விடுதிகளில் இதனை முற்றும் தடுத்தலினும், கண்காணிப்பில் நடத்துதல் நன்று. கல்லூரி விழாக்களில் கைபேசிக் கிரிக்கெட்டுப் போட்டி வைப்பதாயின், எல்லார்க்கும் ஒரே வலிமையுடைய அணிகளைக் கொடுத்து, வாங்கிய ஆற்றல் எதனையும் ஏற்காது நடத்துக. இடையில் கைவிட்டவன் தோற்றவன் என்று விதி செய்க. அதனோடு, போட்டியில் வெல்லும் குழுவினர் மறுநாள் மெய்யான மைதானத்திலும் ஓர் ஆட்டம் ஆடல் வேண்டும் என்று அமைக்கலாம். விரல் அறிந்ததைத் தோளும் காலும் அறியட்டும்.

தமிழ் பயில்வார்க்கு ஒன்று. தமிழ் வருணனை வந்துவிட்டது. அதற்குத் தக்க சொல்வளத்தை யார் தருவது? களத்தில் நிற்போர் இடங்கட்கெல்லாம் ஆங்கிலப் பெயரே வழங்குகின்றது. ஓவர், விக்கெட், யார்க்கர் என்பன மக்கள் நாவில் ஊறிவிட்டன; அவற்றைப் பிடுங்கி எறிதல் வேண்டா. ஆனால் பந்தின் வளைவையும், மட்டையின் ஓசையையும், தடுப்போன் பாய்ச்சலையும் கூறுதற்கு நம் மொழியில் எத்துணை வினைச்சொற்கள் உறங்குகின்றன! சுழன்றது, சறுக்கிற்று, எழும்பிற்று, தாழ்ந்து வழுக்கிற்று, உரசிச் சென்றது என ஒவ்வொரு பந்துக்கும் ஒரு சொல் உண்டு. போர்க்களத்தைப் பாடிய மொழிக்கு ஆடுகளத்தைப் பாடுதல் அரிதாமோ? கல்லூரி மாணவர் சிலர் கூடிச் சொற்பட்டியல் ஒன்று தொகுத்து வெளியிடுவாராயின், வருணனை எழுதுவோர் அதனை மகிழ்ந்தேற்பர். நாடகம் பயின்ற மாணவர் ஒருவர் 1971-இல் தம் நாட்டாட்டத்தைக் கணிப்பொறிக்குள் எழுத்தால் அமைத்தாராயின், இலக்கியம் பயிலும் நாம் நம் நாட்டில் ஆக்கிய ஆட்டத்திற்குச் சொல்லளித்தலேனும் செய்யலாகாதோ?

முடிவாகக் கூறுமிடத்து, கைபேசிக் கிரிக்கெட்டு வெறுக்கத்தக்கதுமன்று, வழிபடத்தக்கதுமன்று. இடமற்றார்க்கு இடமும், எளியார்க்கு நம்பிக்கையும், தமிழுக்கு ஒரு புதிய வாயிலும் தந்தமையால் அதன் குணம் மிகப் பெரிது. உழைப்பை எளிதாக்கியும், தோல்வியை அழித்தும், திறத்துக்கு விலை குறித்தும் நிற்பதனால் அதன் குற்றமுஞ் சிறிதன்று. முன்னிரண்டு குற்றங்களையும் கலைஞரின் கைத்திறம் நாளடைவிற் போக்கக்கூடும். மூன்றாவதைப் போக்குதற்கு ஆடுவோரின் மனத்திட்பமே வேண்டும். வாங்கிய வெற்றியை வெற்றியென எண்ணாத ஆட்டக்காரர் பெருகுவாராயின், அதனை விற்போர் தாமே குறைவர். ஆதலின், மாணவ நண்பர்களே, ஆடுங்கள், அளவோடு ஆடுங்கள், தோற்றால் அத்தோல்வியை அழிக்காது அதனினின்று கற்றுக்கொள்ளுங்கள். ஒரு காசுக்கும் ஓட்டம் வாங்காதீர்கள்.